கொதி வந்த சத்தம்

நவம்பர் 3, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து இவரைக் கூட்டி வந்தாயிற்று. கூடவே ஒரு சிலிண்டரும் வந்திருக்கிறது. ஆள் உயரம், கறுப்பு உடம்பு, வெள்ளைத் தலை. படுக்கையறையிலிருந்து பீரோவை வெளியே தள்ளி அதற்கு இடம் பண்ணினோம்.

கொண்டு வந்து மாட்டியவர் பெயர் ஆரோக்கியம். குட்டியானை வண்டியில் வீடு வீடாக ஆக்சிஜன் இறக்குகிறவருக்கு வாய்த்த பெயர் அப்படி. சாவி போட்டு சிலிண்டரின் வாயை லேசாகத் திறந்து உடனே மூடினார். சீறிய சீறலில் நான் சமையல்கட்டு வரைக்கும் போய்விட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. வாயில இருக்கற தூசி போகட்டும்னு விட்டேன். உள்ள அடைச்சு வெச்சிருக்கற வேகம் அது. அப்படியே மூக்குல விட்டா நெஞ்சு தாங்காது. இந்த ரெகுலேட்டர்தான் அதை அடக்கிச் சாந்தமாக்கி அனுப்பும்."

ரெகுலேட்டர் என்பது கைக்குள் அடங்குகிற ஒரு பித்தளைச் சாமான். அதில் இருக்கும் முள், சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு சின்னக் குண்டு. கீழே உள்ள திருகைத் திருப்பினால் குண்டு ஏறும். எந்தக் கோட்டில் நிற்கிறதோ அத்தனை லிட்டர் இவர் மூக்குக்குப் போகிறது என்று கணக்கு. அடியில் ஒரு பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். காற்று அதற்குள் குமிழி விட்டு, ஈரமாகி, குழாய் வழியாக வரும்.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியது இது: குண்டு ஒன்றில் நிற்கட்டும். ரொம்ப முடியாவிட்டால் ஒன்றரை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்பில் தொண்ணூறு காட்டினால் போதும், அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் போன் பண்ண வேண்டும்.

போதுமாம். டாக்டர்கள் எதைத்தான் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். உப்பு, நெய், சோறு எல்லாம் பாதி என்பார்கள்.

இந்த டைரி மகள் சுகந்தி தீபாவளிக்கு வந்தபோது கொடுத்தது. "ஊருல இருக்கறவிய மேலயெல்லாம் எரிஞ்சு விழறதுக்கு இதுல எழுதும்மா" என்றாள். எழுதுகிறேன்.

நவம்பர் 5, புதன்

பாட்டில் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பு அணையப் போகிற உலைபோல எப்போதாவது ஒரு குமிழி.

நவம்பர் 8, சனி

இவர் மில்லில் பஞ்சு அடிக்கிற பிரிவில் இருந்தவர். மூக்கிலும் வாயிலும் பஞ்சுத் தூசி. போதாததற்கு பீடி. பீடியை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது, இரைப்பு மட்டும் விடவில்லை. ஒரு வாய் பேச்சுக்கு இரண்டு மூச்சு வாங்குகிறார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை.

சிங்காநல்லூரில் மயிலாத்தா மெஸ் என்றால் அந்தக் காலத்தில் மில் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். என் அம்மா வைத்தது, பிறகு நான் நடத்தினேன். இவர் தாராபுரத்துப் பக்கமிருந்து வேலைக்கு வந்த புதிதில் எங்கள் மெஸ்ஸில்தான் சாப்பாடு. முதல் நாள் ஒரு கரண்டி சோற்றுக்கே இலையை மறித்துக் கையை நீட்டி "போதுமுங்க" என்றார். நான் கைக்கு மேலேயே இன்னொரு கரண்டியைக் கொண்டு போனேன், கையை எடுத்துவிட்டார். மொத்தமும் சாப்பிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதற்கு, "பசிதான், கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

அன்றிலிருந்து இவர் "போதும்" என்றால் நான் நம்புவதில்லை. எங்கள் பக்கம் விருந்துக்கு ஒறம்பரை வந்தால் முதல் "போதும்" ஒரு மரியாதைக்கு, இரண்டாவது ஒரு பேச்சுக்கு, மூன்றாவதுக்குத்தான் கரண்டியை நிறுத்துவோம். அதுவும் ஒரு கரண்டி போட்டுவிட்டு.

இன்றைக்கு மத்தியானம் ரொம்ப இரைத்தது. திருகை ஒரு சுண்டு சுண்டி வைத்தேன். பாட்டிலில் நல்ல கொதி வந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

இவருக்கு நல்ல தூக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இப்படித் தூங்கியதில்லை. மூச்சு நிதானமாக, ஆழ அமர விடுகிறார். கிளிப்பில் தொண்ணூற்றெட்டு. சுகந்தி பத்தாவதில் வாங்கிய மார்க்கைவிட அதிகம்.

முகம்கூடச் சிவந்து பளபளவென்று இருக்கிறது. காலையில் தலைவலி என்றார். தைலம் தேய்த்துவிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

சிலிண்டர் காலி. முள் அடியில் கிடக்கிறது. இன்னும் பல நாள் வரும் என்று சொல்லித்தான் ஆரோக்கியம் மாட்டிவிட்டுப் போனார். போன் பண்ணிக் கூப்பிட்டேன்.

"பாதி சிலிண்டரை முழுசுன்னு தலையில கட்டிட்டீங்களா தம்பி?" என்றேன். மெஸ் நடத்தியவளுக்கு இந்தச் சிலிண்டர் வித்தையெல்லாம் தெரியாதா.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. புது சிலிண்டரை என் கண்ணெதிரே மாட்டி, வாயை மெதுவாகத் திறந்து, முள் எழும்பிக் கடைசிக் கோட்டுக்குப் போவதைக் காட்டினார். "நீங்களே பாருங்கம்மா. எத்தனையில ஓடுது?"

"டாக்டரம்மா சொன்னபடிதான்" என்றேன்.

"அப்ப எங்கயோ கசியுது. இணைப்புல சோப்புத் தண்ணி வெச்சுப் பாருங்க. குமிழி வந்தா என்னைக் கூப்பிடுங்க."

திருகு சற்று இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தேன். ஆரோக்கியம் என் கையைத் தட்டிவிடாத குறை. "அம்மா, எண்ணெய் மட்டும் பக்கத்துல வரக்கூடாது. இத்தனை அழுத்தத்துல ஆக்சிஜன் வர்ற இடத்துல ஒரு சொட்டு எண்ணெய் இருந்தா தானாவே பத்திக்கும். எண்ணெய்க் கையோடவும் தொடாதீங்க. சாமி விளக்கும் இந்த ரூம்ல வேண்டாம்."

நல்லது செய்யப் போனாலும் தப்பாகிவிடுகிறது. முருகன் படத்தைக் கூடத்துக்கு மாற்றினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டேன். எங்கேயும் குமிழி இல்லை.

நவம்பர் 19, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை வரவில்லை.

விடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு, மூக்குக் குழாயைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கே கிளம்பினீங்க என்றேன். "மொத ஷிப்ட்டு. சங்கு ஊதிப் போச்சு" என்றார். மில்லை மூடி அந்த இடத்தில் அடுக்குமாடி வந்து எத்தனையோ காலம் ஆகிறது. சமாதானம் பண்ணிக் குழாயை மாட்டிவிட்டேன். கிளிப்பில் எண்பத்தேழு காட்டியதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

மத்தியானம் தட்டில் சோறு போட்டுக் கொண்டு போனேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"மெஸ் எத்தனை மணிக்குங்க மூடுவீங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. கண் அரைத் தூக்கத்தில் இருந்தது. நான் யார் என்றே தெரியாமல், ஒரு வெளி ஆளிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டார். கையை நீட்டச் சொன்னால் விரல்கள் தானாக உதறுகின்றன.

சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். இவ்வளவு செய்தும் இப்படி ஆகிறதே என்று ஆத்திரமாக வந்தது. கிளிப்பில் தொண்ணூற்றொன்பது. மார்க் ஏற ஏற மனுஷன் இறங்குகிறாரே, இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

சுகந்திக்குக் குடல்வால் ஆபரேஷன். நாளைக்கு நான் பொள்ளாச்சி போயே ஆக வேண்டும். மாப்பிள்ளை ஒருவரால் குழந்தையையும் அவளையும் பார்க்க முடியாது.

இவரைப் பார்த்துக்கொள்ள இவருடைய தங்கை துளசிமணி வருகிறாள். வேறு ஆள் இல்லை. அவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது, ஆனால் டைரிதானே. அவள் வீட்டில் காப்பி குடித்தால் டம்ளரின் அடியைப் பார்க்கக் கழுத்தை வளைக்க வேண்டியதில்லை. ஒரு தீக்குச்சியில் இரண்டு அடுப்பு பற்றவைப்பாள். விருந்துக்குப் போனால் "போதும்" என்ற சொல் நம் வாயிலிருந்து வருவதற்குள் கரண்டி பாத்திரத்துக்குப் போயிருக்கும்.

நவம்பர் 22, சனி

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

துளசிமணி வந்ததும் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். "பாட்டில்ல சத்தம் நல்லாக் கேக்கோணும். உலை கொதிக்கற மாதிரி" என்றேன். அவள் குண்டைப் பார்த்தாள். "நாலுல நிக்குதே நங்கை" என்றாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். "இரைப்பு இருக்குதல்லோ" என்றேன். அவள் சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தாள். எவ்வளவு மிச்சம் என்று பார்க்காமல் அவளால் எந்தப் பாத்திரத்தையும் கடக்க முடியாது.

கிளம்பும்போது இவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். "ம்" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 25, செவ்வாய்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுகந்தி கஞ்சி குடித்தாள்.

சாயங்காலம் துளசிமணிக்குப் போன் போட்டேன். எடுத்தது இவர்.

"ஏம்புள்ள, சுகந்தி எப்படி இருக்கறா? தையல் போட்டிருக்காங்களா?"

குரலில் இரைப்பு இருக்கிறது, நடுநடுவே நிறுத்துகிறார். ஆனால் பேசுவது இவர்தான். பேப்பரில் வந்த செய்தியைச் சொன்னார். துளசிமணி வைத்த சாம்பாரில் பருப்பைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வேறு மாதிரியும் இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீளமான குழாய் உள்ளேயிருந்து வந்து மூக்கில் இருந்தது. என்னைப் பார்த்ததும் "மெஸ் ஓனரம்மா வந்தாச்சு" என்றார். மறுபடி ஆரம்பித்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் கேலி என்று தெரிந்தது. நான் சொன்னதைத் துளசிமணி இவரிடம் சொல்லியிருக்கிறாள், அன்றைக்கு நடந்தது இவருக்கு நினைவே இல்லை.

இரைப்பு மட்டும் முன்னைக்கு இப்போது அதிகம். தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிறார். கிளிப்பில் தொண்ணூறு. நான் கஷ்டப்பட்டு ஏற்றி வைத்த மார்க் எல்லாம் போயிற்று.

உள்ளே போய்ப் பார்த்தேன். குண்டு ஒன்றில் நிற்கிறது. நான் கிளம்பும் முன் மாட்டிய சிலிண்டரில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

"ஏன் துளசி, உங்கண்ணன் மூச்சுலயுமா மிச்சம் புடிக்கறே?" என்று கேட்டே விட்டேன்.

"டாக்டர் சொன்னது ஒண்ணுதானே நங்கை. அண்ணனே சொன்னாரு. எதுக்கு எச்சா விட்டு வீணாக்கறது?"

வீணாம். மூச்சு விடுவது வீணாம்.

டிசம்பர் 1, திங்கள்

துளசிமணி காலையில் ஊருக்குக் கிளம்பினாள். இவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போலாமல்லோ" என்றார். என்னிடம் இப்படி எதையாவது கேட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் திருகைச் சரிபண்ணினேன். பாட்டில் மறுபடி கொதித்தது.

"எதுக்குடி, போதும்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். விளக்குகளைக் காம்பவுண்டுச் சுவரில் மட்டும் வைத்தேன், வீட்டுக்குள் ஒன்றுகூட இல்லை. இவரை வெளியே கூட்டி வந்து காட்டலாம் என்று எழுப்பினேன். "அப்புறம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். பொரி உருண்டை அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

மறுபடியும் தலைவலி. மறுபடியும் சங்கு ஊதிவிட்டதா என்று கேட்கிறார். "துளசி எங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நான் இல்லாதபோது தெளிவு, நான் வந்ததும் மயக்கம். இதற்கு என்ன அர்த்தம் என்று மண்டையைக் குடைகிறது. தங்கச்சி கையால் கால் வயிறு சாப்பிட்டவருக்கு என் கையால் வயிறாரச் சாப்பிட்டால் ஆகவில்லையா. என் கையில்தான் ஏதோ ராசி கெட்டுப் போயிற்றா. இல்லை, அவளோடு இருந்தால்தான் இவருக்குப் பிடித்திருக்கிறதா. இத்தனை வருஷம் கழித்து நாத்தனாரோடு போட்டி போடுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

ரெகுலேட்டரிலும் சந்தேகமாக இருக்கிறது. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு வேறு மாட்டச் சொன்னேன். புதிதாக மாட்டிவிட்டுப் போனார். பழையதில் ஒரு கோளாறும் இல்லையாம். அப்படியானால் கோளாறு எங்கேதான் இருக்கிறது?

மருதமலைக்கு வேண்டிக்கொண்டேன். அன்புக்கு என்ன குறை வைத்தேன் என்று முருகனிடமே கேட்டேன். கேட்டுவிட்டு, இரைக்கிறதே என்று இன்னும் ஒரு சுண்டு.

டிசம்பர் 6, சனி

மத்தியானம் சாப்பிட எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் தட்டினேன், தண்ணீர் தெளித்தேன். மூச்சு ஓடுகிறது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நான் முருகா என்று சொல்லி முடிக்கிற அளவுக்கு இடைவெளி. முகம் சிவந்து, உடம்பு சூடாக, வேர்த்து இருந்தது. கிளிப்பில் அப்போதும் தொண்ணூற்றெட்டு.

ஆம்புலன்ஸ் வந்தது. இவரைத் தூக்கும்போதும் பாட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரி. துளசிமணி விடியற்காலையே வந்துவிட்டாள். இவருக்கு முகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஒரு முகமூடி போட்டு மெஷினில் மாட்டியிருக்கிறார்கள். அது மூச்சை உள்ளே தள்ளி, வெளியே விடவும் உதவுகிறது. இதில் தேறவில்லை என்றால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும், அப்படி இறக்கினால் இந்த நெஞ்சுக்கு அதை மறுபடி எடுப்பது கஷ்டம் என்றார் டாக்டரம்மா. அவருக்கு என் சுகந்தி வயசுதான் இருக்கும். ரத்தத்தில் கெட்ட காற்று ஏகமாகச் சேர்ந்திருக்கிறதாம்.

"வீட்டுல எவ்வளவுல வெச்சிருந்தீங்கம்மா?"

"நீங்க சொன்னதுதானுங்க. ஒண்ணு, ஒண்ணரை." மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். "இரைக்கறப்ப மட்டும் சித்த எச்சா வெப்பனுங்க."

"எப்பெல்லாம் இரைக்கும்?"

காலையில், மத்தியானம், ராத்திரி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"எப்பவுமே இரைக்குமுங்க" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். இவருடைய நெஞ்சு பல வருஷமாகக் கெட்ட காற்றை முழுசாக வெளியே தள்ள முடியாமல் அதற்கே பழகிவிட்டது. கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் அது பாடுபட்டு மூச்சு விடும். மேலே மேலே ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சு சோம்பிப் போகும், கெட்ட காற்று உள்ளேயே தங்கிவிடும், அது தலைக்கு ஏறி ஆளை மயக்கும்.

"நல்லாத் தூங்கினார்னு சொன்னீங்களே, அது தூக்கம் இல்லம்மா."

நான் ரசித்துப் பார்த்த தூக்கம். மூச்சு ஆழ அமர வருகிறது என்று இந்த டைரியில் சந்தோஷப்பட்டேன்.

"சிலிண்டர்ல இருக்கற வேகத்தை ரெகுலேட்டர் குறைச்சுக் கொடுக்குது. அதுக்கு மேல எவ்வளவு விடணுங்கறது உங்க கையில. ஆக்சிஜனும் மருந்துதான். இரைப்பு மாத்திரையை நாலாப் போடுவீங்களா?"

"மாட்டனுங்க" என்றேன். "ஆனா இது காத்தாச்சேங்க. காத்துலயும் எச்சு கம்மி உண்டுங்களா?"

அவர் உண்டு என்று தலையாட்டினார்.

வெளியே வந்ததும் துளசிமணி பெஞ்சில் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். சொல்லிக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். டம்ளர் நிறைய.

டிசம்பர் 9, செவ்வாய்

கண் திறந்தார்.

டிசம்பர் 10, புதன்

குழாய் இறக்க வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். முகமூடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். என்னைப் பார்த்து, "சுகந்தி தையல் பிரிச்சாச்சா?" என்றார்.

இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன், நர்ஸ் வந்துவிட்டார். துளசிமணியிடம்தான் கேட்டேன். "அண்ணங்கிட்டச் சொன்னியா?" என்றேன். "என்னத்தைச் சொல்றது? சோறு போட்டாங்கன்னா சொல்றது?" என்றாள்.

இவளைப் பற்றி முன்னால் எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், அதுவும் பொய்யில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஒரு பெண், ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கிளம்பும் முன்னால் வந்து பழக்கிவிட்டாள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுவதுபோல மெல்ல நீளமாக ஊத வேண்டும். ஊதினால் உள்ளே தங்கிய காற்று வெளியே வரும். அடுப்பு ஊதுவதற்கு எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்.

ஆரோக்கியம் வந்து சிலிண்டர் மாட்டினார். பாதி சிலிண்டர் என்று அவரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். காற்று எங்கே போனது என்றும் சொன்னேன். "நிறைய வீட்டுல இப்படித்தாம்மா. யாரும் கெடுதலுக்கா ஏத்தறாங்க" என்றார். பையிலிருந்து சிவப்பு டேப் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஒன்றுக்கு நேரே ஒட்டிக் கொடுத்தார். இனிமேல் ஒன்றரைகூட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பாட்டிலில் எப்போதாவது ஒரு குமிழி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதுதான் இனிமேல் எனக்கு வேலை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "நாந்தான் போதும்னு சொன்னனே புள்ள" என்றார், கோபமில்லாமல்.

டிசம்பர் 14, ஞாயிறு

சாயங்காலம் பாத்ரூம் போய் வந்ததும் இரைப்பு பிடித்துக்கொண்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கிளிப்பில் எண்பத்தெட்டு. குண்டு சிவப்பு டேப்புக்கு நேரே நின்றது.

"அம்மிணி... சித்த எச்சா வெய்யி."

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் எதையும் இன்னும் கொஞ்சம் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. சோறானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, "போதும்" என்பார், நான்தான் போடுவேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார்.

என் கை திருகுக்குப் போய்விட்டது. விரலில் அந்தப் பித்தளையின் குளிர்ச்சி தெரிந்தது. ஒரு சுண்டு போதும், பாட்டில் கொதிக்கும், இவர் முகம் தெளியும், நான் நிம்மதியாகச் சமையல்கட்டுக்குப் போகலாம்.

"இல்லீங்க" என்றேன்.

மெஸ்ஸில் கடைசி இலைக்குச் சோறு தீர்ந்தபோதுகூட நான் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி மறுபடி உலை வைத்திருக்கிறேன். இன்றைக்குச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, அதை இவரிடம் மறைக்கவும் இல்லை.

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னை என்று தெரிந்து பார்த்தார்.

எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். திருகிலிருந்து என் கையை அப்புறப்படுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஊதுங்க" என்றேன். நானும் கூடவே ஊதினேன். உதட்டைக் குவித்து, எதிரும் புதிருமாக, இல்லாத அடுப்பை இரண்டு பேரும் ஊதினோம். முதலில் இவருக்கு அரை ஊதலுக்கு மேல் வரவில்லை. பிறகு முக்கால் வந்தது. ஜன்னலில் வெயில் போய், தெருவிளக்கு எரிகிற வரைக்கும் ஊதினோம். தோள் இறங்கியது. கிளிப் தொண்ணூறு காட்டியது.

"ராத்திரிக்கு என்ன?" என்றார்.

"ரசஞ்சோறு."

தட்டை எடுத்து வந்து போட்டேன். இரண்டாவது கரண்டியில் கையை நீட்டி மறித்தார். "போதும்" என்றார்.

மூன்றாவது கரண்டி கையில் இருந்தது. பாத்திரத்திலேயே திருப்பிப் போட்டு மூடினேன்.